ரசலையன் வீட்டில் நின்ற ஜெபம்

ஏசுவடியாள் முட்டை தொடமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு யாராவது கேக் கொண்டுவந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். முட்டை வாடை அடித்தால் தட்டை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்பாள். அவள் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். விவரம் அறியாத புது உபதேசியார் ஒருவர், ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு ஏதாவது பொருத்தனை பண்ணியிருக்கிறீர்களா அம்மா என்று கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டாள். பொருத்தனையும் இல்லை. ஐம்பத்திரண்டாம் வருஷம் தம்பி சுந்தர்சிங் ஓடிப் பழகிய மூன்று மாதத்தில் பிடித்த அருவருப்பு அது.

ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, திருநெல்வேலி ரோட்டை ஒட்டி அறுபத்தொரு வீடுள்ள சிறிய சபை அவர்களுடையது. அறுபத்தொன்றையும் ஏசுவடியாள் விரல்நுனியில் வைத்திருந்தாள். காரணம், பிடியரிசி எடுப்பது அவள் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். சனிக்கிழமைதோறும் ஏசுவடியாள் ஓலைக்கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோவில் வாசலுக்கு எதிர்வீட்டில் தொடங்கி, தெருக்களைச் சுற்றி, கடைசியாக வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்து வீடுகளில் முடிப்பாள். முப்பது வயதில் விதவையான பிறகு அந்த வரிசையே அவளுடைய விடியற்கால ஜெபமும் ஆகிவிட்டது. கோவிலில் முதல் மணி அடித்ததும் முழங்கால் போடுவாள். வீட்டுக்காரன் பெயர், பெண்டாட்டி பெயர், பிள்ளைகள், அவர்களுக்கு என்ன குறை என்று ஒரு சொல், ஒரு ஆமென். அப்புறம் அடுத்த வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்த வரிசை மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

தம்பிக்கு அவள்தான் தாய். அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அம்மை போய்விட்டாள். அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்து, நெஞ்சு முழுவதும் தூசியாகி, கடைசி ஆறு மாதம் இருமி இருமியே கண்ணை மூடினார். தம்பி காளவாய்ப் பக்கம் போகக்கூடாது. ஏசுவடியாளுக்கு உலகத்தில் அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆவணி கடைசியில் நாகர்கோவிலில் ஓட்டம் வைத்துத் தேர்வு என்று சேதி வந்தபோது, சுந்தர்சிங்குக்கு வயது வரம்பு முடிய ஏழு மாதம்தான் பாக்கி. இதை விட்டால் அடுத்தது இல்லை. இரண்டு மைலைப் பதினாறு நிமிடத்தில் ஓட வேண்டும்.

வீட்டிலிருந்து கிழக்கே ஒரு மைல் தள்ளி ரோட்டோரத்தில் மைல்கல் இருந்தது. அதைத் தொட்டுத் திரும்பினால் இரண்டு மைல். ஆனால் நேரம் பார்க்க வாட்சு வேண்டுமே. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஞானதாசனிடம் மட்டும்தான் வாட்சு இருந்தது. அவனோ லாரி ஓட்டப் போய்விடுவான், மாதத்தில் ஒருநாள் வந்தால் பெரிது.

"எக்கா, வாட்சு எதுக்கு? நீ தெனமும் ஒரே கணக்காத்தானே ஜெபம் பண்ணுத" என்றான் சுந்தர்சிங்.

அவளுக்கு அது கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தம்பிக்காக ஒப்புக்கொண்டாள். ஞானதாசன் ஊரில் நின்ற ஒரு விடியற்காலம், வாட்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். அவள் வழக்கம்போல் ஜெபித்தாள், வாய்விட்டு. பதினாறு நிமிடம் ஆனதும் அவன் கையைத் தட்டினான். அவள் அப்போது நின்றது முப்பத்தெட்டாவது வீட்டில், ரசலையன் வீட்டில்.

"அப்பம் சரி. ரசலையன் வீட்டுக்குள்ள வந்துட்டான்னா போலீசு. அதத் தாண்டுனா காளவாய்" என்று சொல்லிவிட்டு ஞானதாசன் லாரிக்குப் போனான்.

ஆனி மாதம் தொடங்கினார்கள். முதல் மணி அடிக்கும்போது தம்பி வாசலிலிருந்து கிளம்புவான். அவள் கதவைத் திறந்துவைத்து முழங்கால் போட்டு முதல் வீட்டைத் தொடங்குவாள். திரும்பி வந்து அவன் கதவு நிலையைத் தட்டும்போது எந்த வீட்டில் நிற்கிறாளோ, அதுதான் அன்றைய கணக்கு. வாரத்தில் நல்ல கணக்கு எதுவோ அதைச் சனிக்கிழமை அடுக்களைச் சுவரில் கரியால் எழுதிவைப்பாள். முதல் வாரம் அறுபது. போகும்போது கணவாய்க் காற்று முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அறையும். அவன் பாதி தூரம் நடந்தே வந்தான்.

ஓடுகிறவனுக்கு உடம்பு வேண்டும் என்று ஞானதாசன் ஒரு பக்குவம் சொல்லிக் கொடுத்திருந்தான். ஓடி வந்த சூட்டோடு இரண்டு பச்சை முட்டை, அதே ஓட்டில் அளந்து நல்லெண்ணெய். காலுக்குக் காயத்திருமேனி எண்ணெய். எல்லாவற்றையும் ஏசுவடியாள்தான் கவனிக்க வேண்டும். முட்டையை உடைத்து டம்ளரில் விட்டால் வெள்ளைக்கரு கயிறு மாதிரி தொங்கும், விரலால் அறுத்துவிட வேண்டும். அவன் அண்ணாந்து குடிக்கும்போது தொண்டைக்குள் அது வழுக்கிப் போவது அவளுக்குக் கேட்கும். மீசையில் ஒட்டிக்கொண்டதைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையைச் சுவரில் தேய்ப்பான். வியர்வை, நல்லெண்ணெய், முட்டை, தைலம் எல்லாம் கலந்த ஒரு வாடை வீட்டுக்குள் வந்து குடியேறியது. துவைத்தாலும் பனியனை விட்டுப் போகவில்லை. அவள் பிழைப்பு லேஸ் பின்னுவது. ஒருநாள் லேஸ் வாங்கும் அம்மா, பின்னிக் கொண்டுபோனதை மூக்கருகில் கொண்டுபோய், முகம் சுளித்து, துவைத்துக் கொண்டுவா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏசுவடியாளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அவன் நிலையைத் தட்டியதும் ஜெபத்தை விட்டு எழுந்துதான் முட்டை உடைப்பாள். அந்தக் கையைக் கூப்பி மறுபடியும் முழங்கால் போட அவளுக்கு மனம் வரவில்லை. மிச்ச வீடுகளைக் கை கழுவிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்திருப்பாள். பிறகு அடுப்பு, பிறகு கோழி, பிறகு லேஸ். அந்தப் பிறகு வரவே இல்லை. முதல் வாரத்தில் அப்படி விட்டுப்போனது ஒரே ஒரு வீடு. பள்ளத்தில் கடைசியாக இருந்த நேசம்மாள் வீடு.

இரண்டாம் வாரம் ஐம்பத்தெட்டு, மூன்றாம் வாரம் ஐம்பத்தைந்து. நாலாவது வாரமும் ஐம்பத்தைந்திலேயே நின்றது. ஆடிக் காற்று பலத்ததும் ஐந்தாம் வாரம் திரும்ப ஐம்பத்தேழுக்குப் போய்விட்டது. அன்று சுந்தர்சிங் முட்டை ஓட்டைத் தரையில் எறிந்து காலால் மிதித்தான்.

"எனக்கு இது ஆவாது எக்கா. நான் காளவாய்க்கே போறேன். அப்பா போகலியா?"

அவள் நொறுங்கிய ஓட்டைக் கூட்டி அள்ளினாள். அப்பாவின் இருமல் இரவெல்லாம் காதில் கேட்டது.

மறுநாளிலிருந்து அவள் ஜெபம் நிதானமாயிற்று. வேண்டுமென்று செய்தாள் என்று அப்போது அவள் ஒப்புக்கொண்டிருக்கமாட்டாள். முதல் வீட்டில் கிழவருக்கு மூட்டுவலி, அதற்கு ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னாள். ஆறாம் வாரம் ஐம்பது. ஏழாம் வாரம் நாற்பத்தாறு. தம்பி முகம் தெளிந்தது, மார்பை விரித்துக்கொண்டு கோவிலுக்கு வந்தான். ஊருக்கும் விஷயம் தெரிந்துபோனது. சனிக்கிழமை பிடியரிசிக்குப் போனால், இந்த வாரம் எந்த வீட்டில் வந்தான் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். தங்கள் வீட்டுக்கணக்கில் வந்தால் சிலருக்குப் பெருமை, ஒரு பிடிக்கு ஒன்றரைப் பிடியாக அரிசி விழுந்தது.

ஒன்பதாம் வாரம் ரசலையன் வீட்டில் வந்துவிட்டான்.

அதைச் சொன்னால் கேவலம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ரசலையன் வீட்டில் ஜெபிப்பதற்கு என்ன இருந்தது? புருஷன், பெண்டாட்டி, ஒரு எருமை. பிள்ளைகள் கலியாணமாகிப் போய்விட்டார்கள். ஏசுவடியாள் முப்பத்தெட்டாவது வீட்டுக்கு வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு ரோட்டைக் கேட்பாள். காலடிச் சத்தம் கேட்கவில்லை என்றால் எருமைக்காக ஜெபிப்பாள். அதன் மடிக்காக, அது தின்னும் வைக்கோலுக்காக, வைக்கோல் நனையாமல் இருப்பதற்காக. நிலை தட்டப்படும்வரை எருமையை விடமாட்டாள். அந்தச் சனிக்கிழமை ரசலையன் வாசலிலேயே நின்றான்.

"எக்கா, நம்ம எருமை இப்பம் நல்லா கறக்கு கேட்டியா. உனக்க ஜெபந்தான். தம்பி வேலைக்குப் போன பொறவும் இத விட்டுராத" என்று சிரித்தான். அவன் பெண்டாட்டி இரண்டு கைப்பிடி அரிசி போட்டாள்.

ஏசுவடியாளும் சிரித்துக்கொண்டேதான் பள்ளத்துக்கு இறங்கினாள். நேசம்மாள் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அவள் மகள் ஜெபகுமாரி, நாலு வயது, பாயில் சுருண்டு கிடந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூன்று வாரமாக விட்டு விட்டு வரும் காய்ச்சல். முந்திய சனிக்கிழமைகளில் ஏசுவடியாள் வாசலிலேயே அரிசியை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். நேசம்மாள் எழுந்துவந்து, சின்னப் பானையிலிருந்து ஒரு வாரத்துப் பிடியரிசியைக் கடவத்தில் கொட்டினாள். குறைவில்லை, எப்போதும் போல அளவு சரியாக இருந்தது.

"பிள்ளைக்கு இப்பிடி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றாள் ஏசுவடியாள்.

நேசம்மாள் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை, ஊரெல்லாம் சொல்லும் வேடிக்கையைத் தானும் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"சொல்லி என்ன எக்கா? எங்க வீடு வருமுன்ன தம்பி வந்திருவாம்லா."

ஏசுவடியாள் கடவத்தைத் தூக்கிக்கொண்டு எப்படி வீடு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாள். அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று கரி எண்கள் இறங்கி இறங்கி முப்பத்தெட்டில் நின்றன. ஒன்பது வாரமாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் அவள். ஒவ்வொரு எண்ணும் குறையக் குறைய எத்தனை வீட்டைத் தெருவில் விட்டுவிட்டு எழுந்தோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. பள்ளத்து வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது அவள் எருமை மடிக்காக மன்றாடியிருக்கிறாள். எண்களுக்குப் பக்கத்தில் தம்பி கை துடைத்த முட்டைக்கறை காய்ந்து பொருக்காய் ஒட்டியிருந்தது. ஒரு ஈ அதை விடாமல் சுற்றியது. அவள் கொல்லைப்புறம் போய் வாயைக் கொப்பளித்தாள். எத்தனை தடவை கொப்பளித்தும் நாக்கில் அந்த வழுவழுப்புப் போகவில்லை. முட்டை குடித்தது அவள் அல்ல, ஆனாலும் போகவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலம் பழையபடி ஜெபித்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு சொல், ஒரு ஆமென். ரசலையன் வீடு வந்தது. புருஷன், பெண்டாட்டி, எருமை, ஆமென். காலடி கேட்கவில்லை. முப்பத்தொன்பதுக்குப் போனாள். நாற்பது, நாற்பத்தைந்து. கண்ணை மூடியிருந்தவள் நாற்பத்தாறாம் வீட்டில் தன்னையறியாமல் திறந்துவிட்டாள். திறந்த கதவு வழியாக ரோடு தெரிந்தது.

தம்பி நடந்து வந்துகொண்டிருந்தான்.

ஓடிக் களைத்து நடக்கிற நடை இல்லை அது. இடுப்பில் ஒரு கை. மறு கையில் ஏதோ புல்தண்டு, அதைக் கடித்துத் துப்பிக்கொண்டே, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவன் மாதிரி வந்தான். புளியமரத்தடியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டான். அவள் குரலை உயர்த்தி, ஞானையன் வீட்டுக்காக என்று தொடங்கினாள். அது நாற்பத்தொன்பதாவது வீடு. அவன் தண்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து ஓடிவந்தான். நிலையைத் தட்டியபோது ஐம்பத்தொன்று.

"எக்கா, ரசலையன் வீட்டத் தாண்டிட்டியா?" என்றான், மூச்சு வாங்குவதுபோல.

"நீ நடந்துல்லா வந்த."

அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஏதோ இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்போலச் சிரித்தான்.

"நீதானே எனக்காண்டி அங்கன நிப்ப. எருமைக்கு ஜெபம் பண்ணுதது புளியமரம் வர கேக்குமே. எருமை தீரக்குள்ள வந்தாப் போரும்லா."

ஒரு நிமிடம் அவள் அவன் முகத்தையே பார்த்தாள். தூக்கி வளர்த்த முகம். மீசையில் நேற்றைய எண்ணெய் மினுங்கியது. பொய் சொன்னது அவன் மட்டும் என்றால் அடித்திருப்பாள், அடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாள். ஆனால் அவன் நடக்கப் படித்தது அவள் நின்ற இடத்திலிருந்து. இவள் நிற்பாள் என்று அவன் நடந்தான், அவன் வரட்டும் என்று இவள் நின்றாள். நடுவில் ஆண்டவரைப் பிடித்துக் கடிகாரமாக்கி வைத்திருந்தார்கள்.

"நான் மெதுவாச் சொன்னதுதான் மக்கா இத்தன நாளும். நீ ஒரு நாளும் முப்பத்தெட்டுல வரல. இன்னைக்கு வந்ததுதான் நெசம்" என்றாள்.

பிறகு அடுக்களையிலிருந்து இரண்டு முட்டையையும் உடைக்காமல் எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

"இதப் பள்ளத்துல நேசம்மா வீட்டுல கொண்டு குடு. அவிச்சு பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லு."

"அப்பம் எனக்கு?"

"உனக்குக் கஞ்சி இருக்கு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவள் கதவைச் சாத்திவிட்டு, விட்ட இடத்தில் ஐம்பத்திரண்டாம் வீட்டைத் தொடங்கி, அறுபத்தொன்றை முடித்தபிறகுதான் எழுந்தாள். அன்றே சுண்ணாம்பு குழைத்துச் சுவரை அடித்தாள். கரி எண்கள் இரண்டாம் பூச்சில் மறைந்தன. முட்டைக்கறை மட்டும் மஞ்சளாகத் திரும்பத் திரும்ப மேலே வந்தது. கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு தேர்வுக்கு இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. கதவு சாத்தியே இருந்தது. அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று ரோட்டுக்குக் கேட்காது. அவன் நிலையைத் தட்டினால் அந்த வீட்டை மனதில் வைத்துக்கொண்டு அறுபத்தொன்று வரை போவாள். அவன் காற்றில் நடுங்கிக்கொண்டு வெளியே நிற்பான். கோபத்தில் நன்றாகவே ஓடினான். கடைசி வாரம் நாற்பத்தேழு. உண்மையான நாற்பத்தேழு. அந்தச் சனிக்கிழமை ரசலையன் கேட்டபோது, முன்பு சொன்ன முப்பத்தெட்டு பொய் என்று அவன் வாசலிலேயே நின்று சொன்னாள். அவன் எருமையைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பம் எருமைக்குச் சொன்னது?"

"அது நெசந்தான். அதான் வெக்கக்கேடு" என்றாள்.

ஆவணி கடைசியில் சுந்தர்சிங் நாகர்கோவிலுக்குப் போய் ஓடினான். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து, முகம் கழுவி, சுவரோரம் உட்கார்ந்தான். பிறகு, "ரெண்டு நிமிசம் பிந்திட்டேன் எக்கா" என்றான். அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. இரண்டு நிமிடம் என்றால் ஐந்து வீடு. தான் ஏமாற்றாமல் இருந்திருந்தால், அந்த மூன்று மாதமும் அவனும் உள்ளபடி ஓடியிருந்தால், அந்த ஐந்து வீட்டைத் தாண்டியிருப்பானோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு பிற்பாடு பல நாள் தூங்கவிடவில்லை. அன்றிரவு அவனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்தாள்.

காளவாய்க்கு அவன் போகவில்லை. ஞானதாசன் வந்து, சிரிக்காமல், லாரிக்குக் கிளீனர் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனான். நாலு வருஷத்தில் அவனே லாரி ஓட்டினான். உடம்பு ஊதிவிட்டது. ரோட்டில் அந்த மைல்கல்லைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பானாம். வேலைக்குப் போனதும் அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துவந்தான். ஓட்டத்தைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை, ஏசுவடியாள் கடவத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளத்துக்கு இறங்கினாள். நேசம்மாள் அப்போதுதான் தலையை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"என்ன எக்கா, தலைகீழா வாறியா?"

"இனிமே இப்பிடித்தான்."

தம்பி முட்டை கொண்டுவந்த அன்றைக்கு முந்தின ராத்திரியே காய்ச்சல் விட்டதாம், பிள்ளை நன்றாகத் தேறியிருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஏசுவடியாளுக்கு முதலில் நன்றிதான் வந்தது, உடனே கூச்சம் வந்தது. அவள் கேட்காமலேயே அது பிழைத்திருக்கிறது. அவள் ரசலையன் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆண்டவர் தன் பாட்டுக்குப் பள்ளத்துக்கு இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து விடியற்கால ஜெபமும் நேசம்மாள் வீட்டில்தான் தொடங்கும். கோவில் எதிர்வீடு கடைசி. அதற்கும் பிறகு தன் வீடு, தம்பி பெயர்.

முட்டையை மட்டும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோழிகளை விற்றுவிட்டாள். அந்த வாடை எங்கே அடித்தாலும் சுவரும் கரி எண்களும் எருமையும் நினைவுக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு தடவை தின்றாள். ஐம்பத்தாறில், நாகர்கோவில் பக்கமெல்லாம் மதராஸ் ராஜ்ஜியத்தோடு சேர்ந்த மாதம். ஜெபகுமாரி எட்டு வயதுப் பிள்ளை. தன் பெட்டைக்கோழி இட்ட முதல் முட்டையை அவித்து, தோலுரித்து, உப்புத் தூவி, ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடிவந்தது. பள்ளத்திலிருந்து மூச்சு இரைக்க ஓடிவந்திருந்தது. பெரியம்மாவுக்குத்தான் முதல் முட்டை என்று அம்மை சொன்னாளாம்.

ஏசுவடியாள் கிண்ணத்தை வாங்கினாள். பிள்ளை கண்ணெடுக்காமல் பார்த்தது. ஒரு கடி கடித்தாள். மஞ்சள்கரு அண்ணாக்கில் அப்பியது. உடம்பு முழுவதும் சிலிர்த்துக் கண்ணில் நீர் முட்டியது. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். மிச்சத்தையும் தின்றாள்.

"எப்பிடி இருக்கு பெரியம்ம?"

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு மக்கா" என்றாள் ஏசுவடியாள், கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்க எழுந்தபடி.